மூன்று லட்சம் பேர் பார்த்த மிருதங்கம்

அண்ணே, வணக்கம்.

போன வாரம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் என் அறைக்கு நீங்களும் தம்பியும் வந்தபோது பாதிப் பேச்சிலேயே எழுந்துவிட்டீர்கள். பூம்பாறை பஸ் போய்விடும் என்ற அவசரம். விட்டுப்போன மீதியை எழுதுகிறேன். தம்பியையும் படிக்கச் சொல்லுங்கள்.

"மிருதங்கம் சோறு போடுமா மேடம்?" என்று கேட்டீர்கள். தம்பி வாய் திறக்கவில்லை. ஆனால் அவன் மனசில் இருந்தது எனக்குக் கேட்டது. சினிமாப் பாட்டுக்கு வாசித்துப் போட்ட ரீலை 3 லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், இனி பிளஸ் டூ எதற்கு, கல்லூரி எதற்கு?

அந்த ரீலில் எவ்வளவு பணம் வந்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். பாட்டின் உரிமை இசை நிறுவனத்திடம் இருக்கிறது. அதே வீடியோவை யூடியூபில் போட்டாலும் விளம்பரக் காசு பெரும்பாலும் உரிமைக்காரருக்குத்தான் போகும். தம்பிக்குக் கிடைத்தவை இரண்டு போன் அழைப்புகள். ஒன்று, திண்டுக்கல்லில் கடைத் திறப்பு விழா. இன்னொன்று, மே மாத சீசனுக்கு இங்கே ஒரு ரிசார்ட்டில் சாயங்கால நிகழ்ச்சி. இருபது நிமிஷம், சினிமாப் பாட்டு மட்டும், தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிப்பது, வேண்டவே வேண்டாம் என்றார்களாம். போய் வாசிக்கட்டும், அண்ணே. அதில் கேவலம் எதுவும் கிடையாது. சீசன் முடிந்தால் ரிசார்ட்டும் மறந்துவிடும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வியாபாரம் வந்து சங்கீதத்தைக் கெடுத்துவிட்டது என்று பழனியில் அவன் வாத்தியார் சொன்னதாகச் சொன்னீர்கள். பெரியவர் சொல்வதை மறுக்கக் கூடாது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கிராமபோன் தட்டுக்காக நீண்ட கீர்த்தனையை மூன்று நாலு நிமிஷத்துக்குள் சுருக்கிப் பாடியிருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1945-ல் 'மீரா' படத்தில் நடித்தவர்தான், 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையிலும் பாடினார். சபா என்பதே டிக்கெட் விற்று நடக்கிற இடம். கடைவீதிக்கு வெளியே இந்தச் சங்கீதம் எந்தக் காலத்தில் இருந்தது?

எனக்குக் கவலை வேறு. தம்பி போனோடுதான் வாசிக்கிறான். போனில் ஓடும் பாட்டு காலப்பிரமாணம், அதாவது வேகம், தப்பாது, வரியை மறக்காது, அதே வரியை வேறு விதமாகத் திருப்பிப் பாடும் சங்கதி ஒன்றைக் கூடுதலாகப் பாடாது. உட்கார்ந்து பாடுகிற ஆள் இதெல்லாம் செய்வார். பல்லவியை ஒரு சுற்று அதிகம் எடுப்பார், மனசில் தோன்றியபடி ஸ்வரம் பாடுகிற கல்பனாஸ்வரத்தில் எதிர்பாராத இடத்தில் போய் இறங்குவார். அவர் முகத்தைப் பார்த்து, சறுக்குவதற்கு முன்னாலேயே தாங்கிப் பிடிப்பவனுக்குத்தான் பக்கவாத்தியக்காரன் என்று பெயர். சம்பளமும் அதற்குத்தான். சினிமா ஒலிப்பதிவில் ஒரு காலத்தில் தாள வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. மாறாத பாட்டுக்கு மாறாமல் அடிக்க ஆள் தேவைப்படவில்லை.

ஆள் இல்லாமல் நடக்காத இடம் பரதநாட்டியம். வகுப்புக்கும் ஆண்டு விழாவுக்கும் பதிவு செய்த பாட்டைப் போட்டுச் சமாளிப்பார்கள். அரங்கேற்றம் என்று வந்தால் பெற்றவர்கள் கடன் வாங்கியாவது பாட்டு, தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம், மிருதங்கம் எல்லாவற்றையும் நேரில் உட்கார வைப்பார்கள். ஒத்திகைக்கும் தனியாகப் பணம் உண்டு. கச்சேரிக்கு வாசிப்பவன் பாடகர் முகத்தைப் பார்த்தால், நாட்டியத்துக்கு வாசிப்பவன் காலைப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்குச் சொல்லும் தாளச் சொற்களான ஜதிச் சொற்கட்டுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். நட்டுவனார் சொன்னதும் அந்த அடவுக்கு, அதாவது ஆட்ட அசைவுக்கு, ஏற்ற வாசிப்பு கையில் வர வேண்டும். மதுரை, கோவைப் பக்கம் இதில் தேர்ந்த பையன்கள் வேலையில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை. வாத்தியாரிடம் இதையும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்காமல் போகலாம். கச்சேரிக்காரர்கள் சிலருக்கு நாட்டியத்துக்கு வாசிப்பது ஒரு மாற்றுக் குறைவு. அந்த வீம்பு நம் வீட்டு அடுப்பை எரிக்காது.

சென்னை மார்கழி சீசனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அங்கே ஒரு வாய்ப்புக்கு நூறு பேர் நிற்கிறார்கள், ஆளைத் தெரிந்தவனுக்கே நேரம் கிடைப்பது கஷ்டம். புதியவர்களுக்குக் கிடைக்கும் சன்மானம் பல இடங்களில் ஆட்டோ வாடகைக்கே காணாது.

தம்பி இடதுகைக்காரன் என்று தயங்கினீர்களே, அதற்குப் பதில் பழனியிலேயே இருக்கிறது. அந்தக் கால மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் வாசித்தவர்தான். மேடையில் வயலின்காரரோடு இடம் மாற்றி உட்கார வேண்டும், சிலர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

இனிப் படிப்பு. பிளஸ் டூவை முடிக்க வேண்டும், அதுவும் 50 சதவீதத்துக்குக் குறையாமல். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கப் பிரிவு இசை ஆசிரியர் வேலைக்கு பிளஸ் டூவில் 50 சதவீதமும் இசையில் இளங்கலைப் பட்டமும் கேட்கிறார்கள். 2022 அறிவிப்பில் நாடு முழுவதற்கும் 303 இடங்கள். கொஞ்சம்தான், ஆனால் மாதச் சம்பளம். அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இருக்கின்றன. மூன்று வருஷ இசைக்கலைமணி பட்டயமும் உண்டு. நான் பட்டப்படிப்புக்கே ஓட்டுப் போடுவேன், மதுரையில். நமக்கு இறங்குகிற வழி அது. அதைவிட முக்கியம், அங்கே பக்கத்து வகுப்பில் பாட்டு, வயலின் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். சனிக்கிழமை மட்டும் மலை இறங்கி, பழனிக்கு பஸ்ஸில் போய் ஒரு மணி நேரம் கற்றுவிட்டு வரும் பையனுக்குக் கிடைக்காதது அதுதான்.

படிக்கும்போதே வானொலி ஆடிஷனுக்கு எழுதிப் போடட்டும். அதில் தொடக்கத் தரமான பி கிரேடு கிடைத்தாலே சிற்றூர்க் கோயில் விழா நோட்டீஸில் பெயருக்குக் கீழே போடுவார்கள், மாணவர்களும் தேடி வருவார்கள். மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. தேர்வானால் மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். அது கையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதை நம்பி விடுதிக் கட்டணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மிருதங்கம் போதாது. ஆண் குரலுக்கு ஒன்று, பெண் குரலின் ஸ்ருதிக்குச் சின்னதாக இன்னொன்று வேண்டும். இந்த வருஷப் பூண்டுக்கு வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் என்ன விலை கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்கலாம். அவசரம் இல்லை.

அதற்கு முன்னால் ஒரு காரியம். பழனியிலோ வத்தலக்குண்டிலோ நடக்கிற ஒரு நாட்டிய வகுப்பில் கேட்டுக்கொண்டு, தம்பியை ஒருநாள் ஒத்திகையில் உட்கார வையுங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். முதல் நாள் திணறுவான், திணறட்டும். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறான் என்று கவனித்து எனக்குச் சொல்லுங்கள். அடுத்த வாரமும் போகிறேன் என்றால் மதுரை விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம். போகமாட்டேன் என்றால் வேறு படிப்பு பார்க்கலாம், மிருதங்கத்தை ஆசைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. பனிக்குத் தோல் தொய்கிறது என்று வாத்தியத்தைப் பூண்டு தொங்கவிட்டிருக்கிற அடுப்படிப் பரணில் வைத்திருப்பதாகச் சொன்னான். எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் வலந்தலை, அதாவது ஸ்ருதி சேர்க்கிற பக்கத்துத் தோல், வெடித்துவிடும். துணியில் சுற்றி உள்ளறையில் வைத்தால் போதும்.