பேனல் நகராமல் திரை உறைவது ஏன்?

கேள்வி: ஜாவாவில் திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதி வருகிறேன். மெனு பட்டனை அழுத்தினால் இடப்பக்கப் பேனல் மெல்ல வெளியே வர வேண்டும். ஃபார் லூப்பில் அதன் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சுற்றுக்குச் சுற்று த்ரெட் ஸ்லீப் போட்டு 10 மில்லிசெகண்ட் நிறுத்தினேன். திரை உறைந்துபோய், கடைசியில் பேனல் ஒரேயடியாக வந்து நிற்கிறது. என்ன தவறு?

பதில்: கணினியின் மேல் பழி போட வேண்டாம்; புதிது வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும். பட்டன் அழுத்தத்தைக் கவனிப்பதும் திரையை வரைவதற்கு ஏற்பாடு செய்வதும் ஜாவாஎஃப்எக்ஸில் ஒரே த்ரெட்தான், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரே ஓட்டம். உங்கள் லூப் முடியும்வரை அது அங்கேயே தூங்குகிறது. இடைப்பட்ட அகலங்கள் ஒன்றுகூடத் திரைக்கு வருவதில்லை. லூப்பை வேறு த்ரெட்டுக்கு மாற்றலாமே என்று தோன்றும். கூடாது. திரையில் இருக்கும் பொருளை வெளி த்ரெட்டிலிருந்து தொட்டால் பிழைச்செய்தி வரலாம். வராவிட்டால் இன்னும் மோசம், எப்போது கோளாறு செய்யும் என்றே தெரியாது.

நகர்த்தும் வேலையை, அதற்கென்றே ஜாவாஎஃப்எக்ஸில் இருக்கும் டிரான்ஸ்லேட் டிரான்சிஷனிடம் விட்டுவிடுங்கள். எங்கே போக வேண்டும், எவ்வளவு நேரத்தில் என்று மட்டும் சொன்னால் போதும். பெரும்பாலும் நொடிக்கு 60 முறை, அதாவது ஏறத்தாழ 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, இடைநிலையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

இன்னொன்று, அகலத்தை அசைக்காதீர்கள். அகலம் மாறும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலுள்ள பில் அட்டவணை முழுவதும் தன் இடத்தை மறுபடி கணக்குப் போடும். வரிசைகள் நிறைந்திருந்தால் திக்கித் திக்கித்தான் நகரும். பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்பேனில் அட்டவணைக்கு மேலே பேனலை இடப்பக்கமாக ஒட்டி வையுங்கள். அதன் உச்ச அகலத்தை 240 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஸ்டாக்பேன் அதைத் திரை முழுக்க இழுத்துவிடும். தொடக்கத்தில், பேனலைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுவது என்று சொல்லும் டிரான்ஸ்லேட்எக்ஸ் மதிப்பு மைனஸ் 240; திறக்கும்போது 0. அட்டவணை அசையவே அசையாது.

அவசரக்காரர் பட்டனை இருமுறை தட்டுவார். அழுத்தும்போதெல்லாம் புது டிரான்சிஷன் உருவாக்கினால் இரண்டும் ஒரே பேனலை இரு பக்கமும் இழுக்கும். ஒன்றையே வைத்துக்கொண்டு, முதலில் நிறுத்தி, சேர வேண்டிய இடத்தை மாற்றி, மீண்டும் ஓட்டுங்கள். தொடக்க இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால், பேனல் பாதி வழியில் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே திரும்பும். மூடி முடிந்ததும், பேனல் தெரிய வேண்டுமா என்று சொல்லும் விசிபிளை ஃபால்ஸ் ஆக்குங்கள். மறந்தால், டேப் விசையை அழுத்தும்போது ஃபோகஸ் (விசைப்பலகையின் தேர்வு) கண்ணுக்குத் தெரியாத பட்டனில் போய் நிற்கும். திறக்கும்போது, நகர்த்துவதற்கு முன்பே அதை ட்ரூ ஆக்கிவிட வேண்டும்.

நேரம் குறிப்பிடாவிட்டால் 400 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். பில் போடும் இடத்துக்கு அது அதிகம் என்பது என் கருத்து. வரிசையில் ஆள் நிற்கும்போது காசாளருக்கு அழகு முக்கியமில்லை; 200 வையுங்கள்.