டாக்டரிடம் கேளுங்க: ஊசி போட்ட பிறகு நம்பர் ஏன் ஏறியது?

கேள்வி: டாக்டர் ஐயா, போன மாசம் அப்பாவுக்கு (61 வயசு) விடியக்காலை 4 மணிக்கு நெஞ்சுவலி. 6 மணிக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்த டெஸ்டில் சி.கே.எம்.பி. 38. மத்தியானம் 2 மணிக்கு 290! மறுநாள் காலையில் 150. “ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார் அங்கிருந்த டாக்டர். எங்க சித்தப்பாவோ, “நம்பர் ஏறினா ஹார்ட்டு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், மறைக்காங்க” என்கிறார். யாரை நம்ப?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: சித்தப்பா சொன்னது பாதி சரி, தாயி. சி.கே.எம்.பி., ட்ரோப்போனின் எல்லாம் இதயத் தசைக்குள் இருக்கவேண்டிய சரக்கு. தசை செத்தால்தான் ரத்தத்துக்கு வரும். ஆனால் அதைக் கெடுத்தது அடைப்பு, ஊசி இல்லை.

உங்க ஊரில் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. கார் சாகுபடிக்கு மடை திறந்ததும் முதல் தண்ணீர் எப்படி வரும்? சருகு, நுரை, யாரோ விட்ட ஒத்தைச் செருப்பு என்று எல்லாத்தையும் அடித்துக்கொண்டு வரும். அப்புறம் தெளியும். அடைத்த ரத்தக்குழாய் திறந்தாலும் அப்படித்தான். தேங்கிக் கிடந்த சரக்கு ஒரே மூச்சில் வெளியே வருவதால், சி.கே.எம்.பி. வலி தொடங்கி ஏறக்குறைய 12 மணி நேரத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். குழாய் திறக்காவிட்டால் உச்சிக்குப் போக 24 மணி நேரம் வாக்கில் ஆகும். மயோகுளோபின் என்கிற இன்னொரு தசைச் சரக்கு இன்னும் சின்ன மூலக்கூறு. அது முதல் ஆளாக ஏறி, ஒரு நாளுக்குள் வடிந்துவிடும்.

ஆக, பார்க்கவேண்டியது உயரத்தை அல்ல, நேரத்தை. அப்பாவுக்கு வலி வந்து 10 மணி நேரத்தில் 290, மறுநாள் காலையிலேயே 150 என்பது, குழாய் திறந்த கணக்கோடு ஒத்துப்போகிறது. பெரிய அட்டாக் என்றாலும் நம்பர் உயரமாகத்தான் இருக்கும்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்கிற, கட்டியைக் கரைக்கிற மருந்து 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்றிய காலத்தில், பாளையங்கோட்டையில் நான் இந்த நம்பர்களை கிராஃப் தாளில் பென்சிலால் குறித்துவைப்பேன். கோடு கோயில் கோபுரம் மாதிரி செங்குத்தாக ஏறினால், குழாய் திறந்திருக்கும், நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம் என்று அர்த்தம்!

ஆனாலும் ரத்த ரிசல்ட்டுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஊசி போட்டு 60 முதல் 90 நிமிஷத்தில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். அந்தக் கோட்டில் மேலே தூக்கி நின்ற எஸ்.டி. என்கிற பகுதி பாதிக்குமேல் இறங்கி, வலியும் விட்டால் நல்லது. இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (பலூன் விட்டு அடைப்பைத் திறப்பது) அனுப்பவேண்டும். குழாய் அரைகுறையாகத் திறந்ததா, முழுசாகவா என்பதும் ரத்தத்தில் தெரியாது, ரத்தக்குழாயைப் படம்பிடிக்கிற ஆஞ்சியோகிராமில்தான் தெரியும்.

ட்ரோப்போனின் ஒரு வாரத்துக்கு மேலும் பாசிட்டிவாகவே நிற்கும். அதைப் பார்த்து சித்தப்பா மறுபடி கிளம்பினால் பயப்படாதீங்க. சி.கே.எம்.பி. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். இறங்கியது திரும்ப ஏறினால்தான் மறுபடி அட்டாக் வந்ததோ என்று சந்தேகம்.

ஊசி போட்டால் அநேகமாக 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராமும் பார்ப்பது வழக்கம். அப்பாவுக்கு எடுத்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. எடுக்கவில்லை என்றால், டிஸ்சார்ஜ் சீட்டையும் மூன்று ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்க.