பரண்மேல் ஒரு மத்தளம்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா தெருக்கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், மத்தளம் வாசித்தவர். பத்தாவது படிக்கிறவரை லீவு நாட்களில் நானும் ஜமாவோடு போய்த் தாளம் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாகச் சென்னையில் ஐ.டி. வேலை, மேடவாக்கத்தில் சொந்த பிளாட். அப்பா மூன்று வருஷம் முன்னால் தவறிவிட்டார். அவருடைய மத்தளம் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இங்கே மார்கழிக் கச்சேரிக்குப் போனால் முகம் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. ஊருக்குப் போனால் "மெட்ராஸ்காரர் வந்துட்டார்" என்று நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் பிளாட் வாட்ஸ்அப் குழுவில், பொங்கலுக்கு ஒரு கூத்து வைக்கலாமா என்று கேட்டேன். 140 வீட்டில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் கேட்டது: "பத்து மணிக்குள்ள சத்தம் நின்னுடுமா?" வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா? மனைவி சிரிக்கிறாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.
– பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: தம்பி, முதலில் அந்தப் பத்து மணிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்மேல் கோபப்படாதீர்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. அவர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம், தூக்கம் வராத மாமியார் இருக்கலாம். வாயே திறக்காத 138 வீட்டைவிட அவர் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறார். சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லையே.

நான் நின்றுபோனது அந்த நாற்காலியில்தான். ஊரில் நாற்காலி போடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். சபாவிலும் உங்களுக்குக் கிடைத்தது நாற்காலிதான், அதற்குக் காசு வேறு கொடுத்திருக்கிறீர்கள். கூத்து நடக்கிற இடத்தில் வேலை இருக்கிறவன் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் பெஞ்சில் இருக்கிற மத்தளக்காரர், ஆர்மோனியக்காரர், முகவீணைக்காரர், இவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்களெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பார்கள். திரை பிடிக்க இரண்டு பேர், சாமான் பெட்டிக்குக் காவல் ஒருவர், டீ வாங்கிவர ஒரு பையன். அந்தப் பையனாக நீங்கள் இருந்த வரைக்கும் யாராவது நாற்காலி போட்டார்களா?

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் ஆரணிக்காரி, கல்யாணமாகி வடசென்னைக்கு வந்தவள். சில வருஷம் முன்னால், அப்போது குடியிருந்த பிளாட்டில் பொங்கல் விழாவுக்கு வந்தவாசிப் பக்கத்து ஜமா ஒன்றை நானே முன்நின்று வரவழைத்தேன். வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்து, வேனுக்கும் பேசிவிட்டு வந்தேன். விழா அன்று காலையில் செயலாளர் நிகழ்ச்சி நிரலை நீட்டுகிறார். மாறுவேடப் போட்டிக்கும் மியூசிக்கல் சேருக்கும் நடுவில் கூத்துக்குப் பதினைந்து நிமிஷம்! எட்டுப் பேர், மூன்று மணி நேரப் பயணம், இரண்டு மணி நேர ஒப்பனை, அப்புறம் பதினைந்து நிமிஷம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்திப் போகிற கட்டியங்காரர் விடவில்லை. மேடையில் ஏறியதும், "எங்க ஊர்ல கூத்து முடிஞ்சா விடியும் சாமி. இங்க கூத்து ஆரம்பிச்சதுமே விடிஞ்சிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், செயலாளர் உட்பட. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அன்றைக்குக் கூத்து நடந்தது மேடையில் இல்லை, கீழே கார் நிறுத்துகிற இடத்தில். அதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் ஆயிற்று. ஒப்பனைக்கு அறை கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. ஜமாக்காரர்கள் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் பாயை விரித்துவிட்டார்கள். தேங்காய் ஓட்டில் அரிதாரத்தை எண்ணெய் விட்டுக் குழைத்து, ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒருவர் மீசை எழுதினார். ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டு, அதே அளவில் இன்னொரு பக்கம் வருகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முதலில் ஒரு குழந்தை வந்து நின்றது. அப்புறம் நாலு. மாறுவேடப் போட்டிக்கு பாரதியார் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்திருந்த பையன், தன் மை மீசையைத் துடைத்துவிட்டு "எனக்கும் இதே மாதிரி" என்றான். எழுதிவிட்டார். கிரீடத்தையும் தோளில் வைக்கிற புஜகீர்த்தியையும் கட்டும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஒருவர், பத்து வருஷமாக லிஃப்டில் கூட என்னோடு பேசாதவர், வந்து பிடித்தார். இரண்டு மணி நேரம் அந்த இடத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை.

ஆகவே, உங்கள் குழுவில் "கூத்து வைக்கலாமா" என்று மறுபடி கேட்காதீர்கள். கேட்டால் மேடை, மைக், பட்ஜெட், கமிட்டி என்று போய்விடும். "ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் வேஷம் கட்டுகிறார்கள், பிள்ளைகளை அனுப்புங்கள்" என்று மட்டும் போடுங்கள். இருட்டியதும் அங்கேயே ஒரு மணி நேரம் ஆடட்டும், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். திரை பிடிக்கிற வேலையைப் பத்து மணிக்காரரிடம் கொடுங்கள். அந்தத் துணிக்குப் பின்னால் சலங்கைச் சத்தமும், மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிவதும் பக்கத்தில் நின்று பிடிக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? கலைஞர்களுக்குப் பேசிய தொகையைக் குறைக்காதீர்கள். நேரம் குறைவு என்பதால் கூலி குறைவு என்று ஒருவர் கட்டாயம் சொல்வார்.

இனி ஊருக்குப் போகிற விஷயம். வேலையை விடாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆடிவரை கூத்துக்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. மற்ற மாதங்களில் கழனி வேலை, கட்டட வேலை, தறி. அப்பா அந்த மாதங்களில் என்ன செய்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்களைப் படிக்க வைத்த காசு மத்தளத்திலிருந்து எவ்வளவு வந்தது, வேறு எதிலிருந்து எவ்வளவு வந்தது என்று ஒருநாள் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊரைப் பத்து வயதுக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். திருவிழாவில் பாரதக் கூத்து வைக்கும்போது எந்தத் தெருக்காரர் எங்கே நிற்கலாம், எந்த இரவுச் செலவு யாருடையது, எந்தப் பேச்சு வார்த்தை கடைசி நிமிஷத்தில் முறிந்தது என்பதெல்லாம் தாளம் போடுகிற பையன் காதுக்கு வராது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவிழா ஒன்று அப்படி முறிந்து இரண்டு வருஷம் நின்றே போனது எனக்குத் தெரியும். அங்கேயே போய்க் குடியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். சுமக்கலாம், தப்பில்லை. ஏக்கத்தை மட்டும் நம்பிப் போய்ச் சுமக்க முடியாது.

தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் என்று ஒரு ஊர். அச்சுதப்ப நாயக்கர் காலத்தில் பாகவதர் குடும்பங்களுக்கு மானியமாகக் கொடுத்த கிராமம் என்பார்கள். வருஷா வருஷம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்கள், பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். நடிக்கிறவர்களில் யாரும் அதைத் தொழிலாக வைத்திருப்பவர் இல்லை. ஆபீசிலும் பாங்கிலும் சம்பாதித்துவிட்டு, பலர் வெளியூர்களிலிருந்து லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறவர்கள். அந்த வேஷம் அவர்களுடையது, அந்தத் தேதி அவர்களுடையது. ஊரில் குடியிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை, தேதிக்கு வந்தாயா என்பதுதான் கேள்வி. உங்களுக்கும் ஒரு தேதி வேண்டும் தம்பி. வருஷத்தில் நான்கு நாள் போதும். பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் விழுகிற படுகளத்துக்கு முந்தைய மூன்று ராத்திரி, அப்புறம் படுகளம். மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்து உருவம் செய்வார்களே, அதற்கு மண் சுமக்க எப்போதும் ஆள் பற்றாது. லீவை இப்போதே போட்டுவிடுங்கள்.

சென்னையில் உங்களுக்கு இடமில்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி மாயவரம் பக்கத்துப் புஞ்சைக்காரர். உங்கள் செய்யாற்றுக்குப் பக்கத்திலிருக்கிற புரிசையிலிருந்து வந்த தம்பிரான் குடும்பத்துக் கூத்தை அவர் பார்த்தது சென்னைக்கு வந்த பிறகு. பார்த்துவிட்டு, நாடகம் என்றால் என்ன என்ற தன் எண்ணத்தையே மாற்றிக்கொண்டார். அந்தக் குடும்பத்துக் கண்ணப்பத் தம்பிரானே கூத்துப்பட்டறை நடிகர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். புஞ்சைக்காரரும் புரிசைக்காரரும் சேர்ந்து வேலை செய்ய இந்த ஊர்தான் இடம் கொடுத்தது. மயிலாப்பூர் மாடவீதி மார்கழி பஜனையை எத்தனையோ வருஷம் நடத்திய பாபநாசம் சிவன் கூட போலகத்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் படித்தவர். இங்கே யார்தான் உள்ளூர்?

கடைசியாகப் பரண். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போனது அதைத்தான். சென்னைப் புழுக்கத்தில் மூன்று வருஷம் மூடி வைத்த தோல் என்ன நிலையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டு மாற்றி வார் பிடிக்க மயிலாப்பூர் பக்கமே ஆள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கொடுக்காதீர்கள். உங்கள் பக்கம் கருமாதிக்குக் கர்ண மோட்சக் கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. அப்பாவுக்கும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவர் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மத்தளம் வாசித்தது யார்? அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். "இதைச் சரி பண்ணணும், எனக்கும் சொல்லிக் கொடுக்கணும்" என்று கேளுங்கள். அவர் உங்களுக்கு நாற்காலி போட மாட்டார், வாரைப் பிடித்து இழுக்கச் சொல்வார்.

பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாதாடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கியில் மட்டும் போட வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.