பாரதம் படித்த பந்தல்

அன்புள்ள ஐயா,

உலகக் கவிதை நாளான மார்ச் 21 அன்று எங்கள் ஊர் நூலகத்தில் என் செலவில் ஒரு கவிதைக் கூடல் நடத்தினேன். 200 பேரை அழைத்தும் 11 பேர்தான் வந்தார்கள். அவர்களில் 9 பேர் தம் கவிதையை வாசிக்க வந்தவர்கள்; தாளைப் பார்த்தபடியே படித்தார்கள். மக்களுக்குக் கவிதை வேண்டாததாகிவிட்டதா? கைப்பேசிதான் காரணமா? நாங்கள் இன்னும் எளிமையாக எழுத வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காலி நாற்காலிகளைப் பார்த்தபடி வரவேற்புரை சொல்வதன் வலியை அறிவேன். கைப்பணத்தைச் செலவழித்துப் பிறருக்கு மேடை போட்டுக் கொடுத்த உங்கள் மனத்தை வணங்குகிறேன். கைப்பேசியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1959இல் 'எழுத்து' என்ற இலக்கிய இதழைத் தொடங்கிய எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்துதான் விற்றார்.

எளிமை பற்றிய கேள்விதான் என்னைக் கோபப்படுத்துகிறது. செஞ்சிப் பக்கத்தில் என் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் கோடைதோறும் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து, அதற்கு முன் பிற்பகல் முழுவதும் பந்தலில் பிரசங்கம். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதமான வில்லிபாரதத்திலிருந்து ஒருவர் ஒரு விருத்தப் பாடலை ராகமிட்டுப் பாட, பிரசங்கியார் அதைப் பதம் பிரித்து, பொருள் சொல்லி, ஊர் வழக்கொன்றை உவமை காட்டி, மறுபடியும் பாட வைப்பார். வில்லிபுத்தூரார் எளிய கவிஞரல்லர். 4,000க்கும் மேற்பட்ட அவருடைய பாடல்களில் அகராதி இல்லாமல் நான் இன்றும் கடக்க முடியாதவை பல. ஆனால் கைநாட்டு வைக்கும் என் பாட்டி, களத்தில் நெல் தூற்றும்போது அந்த விருத்தங்களின் முதலடிகளைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருமுறை பொருள் கேட்டேன். "நாளைக்குப் பந்தலுக்கு வா, அவர் சொல்லுவார்" என்றாள்.

பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்ட பாரதி, அந்தப் பந்தலில் இருந்தவர்கள் அறிந்த கதையைத்தான் எடுத்துக்கொண்டார். அதன் முகவுரையிலிருந்து 'எளிய பதங்கள், எளிய நடை' என்பதை மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதே வாக்கியத்தில் அவர் சந்தத்தையும் 'பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு' என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதை விட்டுவிடுகிறோம். சொல் எளிதாக இருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. காதில் விழுந்து தங்க வேண்டும் என்று நினைத்தார். மெட்டில்லாத புதுக்கவிதைக்கு இது பொருந்தாது என்று சொல்லாதீர்கள். மெட்டில்லாத கவிதைக்குத்தான் நிறுத்தி, திருப்பிச் சொல்லி, கேட்பவர் மனத்தில் இருத்துகிற ஒரு குரல் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

உங்கள் கூடலில் அந்தக் குரல் இருந்ததா? 9 பேரும் தாளைப் பார்த்தபடி தம் கவிதையைப் படித்தார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஒருவராவது அடுத்தவர் கவிதையைக் கையில் எடுத்து, இந்த வரி ஏன் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னாரா? எங்கள் பிரசங்கியார் சொந்தப் பாட்டு ஒன்றுகூடப் பாடியதில்லை. 40 கோடைகள் வேறொருவர் பாட்டை ஊர் ஊராகச் சுமந்தார். அப்படி ஒருவரைக்கூட உருவாக்காமல், மக்கள் வரவில்லை என்று புலம்ப நமக்கு உரிமை கிடையாது.

கவிதை எழுதாத இருவர் வந்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் யார், எந்த வரியோடு வீடு திரும்பினார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.