விண்டோஸ் 11-க்கு மாறியபின் வெளிச்சம் குறையவில்லை, இரண்டாவது திரை வரவில்லை: கிராபிக்ஸ் கார்ட் பழுதா?

நீங்கள் எழுதியது இதுதான்: விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியதும் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை இல்லை, எச்டிஎம்ஐ வயரில் கொழுவிய மொனிட்டர் தெரியவில்லை, கிராபிக்ஸ் செட்டிங்ஸ் ஐகனும் காணாமல் போய்விட்டது. கடையில் கார்ட் போய்விட்டது என்கிறார்கள்.

காசைக் கொடுத்துவிடாதீர்கள். இதே கதையைக் கேட்டு மதர்போர்ட் மாற்றக் கிளம்பியவன் நான்.

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றதும் அவசரப்பட்டு லப்டொப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். நிலாவெளியில் எடுத்த ஒரு சாமத்திய வீட்டு வீடியோ பாதியில் கிடந்தது. காலையில் திறந்தால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் போகிற வழியெல்லாம் தீற்றிக்கொண்டே வந்தது. வெளிச்ச விசையை எத்தனை தரம் அழுத்தியும் அசைவில்லை. டவுனில் ஒரு கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “போர்ட் அடிச்சுப் போட்டுது அண்ணை, கொழும்பிலயிருந்துதான் எடுக்கோணும்” என்றார்.

மச்சான்தான் ஃபோனில் பிடித்தான்: “டிவைஸ் மேனேஜரில என்ன பேர் கிடக்கெண்டு வாசி பாப்பம்.”

நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர், அதாவது கணினிப் பாகங்களின் பட்டியல், வரும். அதில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்தால் உங்கள் கார்டின் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், ஏறவில்லை. அது விண்டோஸ் ஒப்புக்கு வைத்திருக்கும் டிரைவர். படம் காட்டும், அவ்வளவுதான். வெளிச்சம், இரண்டாவது திரை, வீடியோவைக் கார்டில் ஓட்டுவது எல்லாம் அதோடு போய்விடும்.

இன்டெல், என்விடியா என்று சரியான பெயரே இருந்து ஐகன் மட்டும் இல்லையென்றால் கதை வேறு. சில வருடங்களாகப் பல டிரைவர்களோடு, அந்த ஐகனைத் தரும் கிராபிக்ஸ் கண்ட்ரோல் பேனல் சேர்ந்து வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து தனியாக இறங்கும். நெட் இழுபட்டால் இறங்காமலே நின்றுவிடும். ஸ்டோரில் தேடி நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மூன்றும் சேர்ந்து போயிருப்பதால் முதலாவது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெயரில் வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வெயார் ஐடி என்று போங்கள். ‘VEN’ எழுத்துகளுக்குப் பக்கத்தில் 8086 இருந்தால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. (இன்டெல்காரர் 1978-இல் விட்ட சிப்பின் இலக்கத்தையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள்.) பிறகு லப்டொப் கொம்பனியின் தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்தை அப்படியே கொடுத்து விண்டோஸ் 11 டிரைவரை எடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். என்விடியா கோப்பு அரை ஜிபிக்கு மேல். நான் இரவு டேட்டாவில்தான் இறக்கினேன்.

ஏற்றும்போது வைஃபையை நிறுத்திவிடுங்கள். முதல் தரம் நான் நிறுத்தவில்லை. பாதியில் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு பழைய டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிட்டது. இரண்டாம் தரம் திரை ஒருக்கால் கறுத்து, திரும்பி வந்தபோது எழுத்து பழைய அளவுக்கு வந்திருந்தது. வயரைக் கொழுவினேன், பக்கத்து மொனிட்டரும் எழும்பியது.

லப்டொப் மிகப் பழையதென்றால் இந்த வழி சரிவராது. 2011 காலத்து இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப்புகளுக்கு விண்டோஸ் 10 டிரைவரே இன்டெல் விடவில்லை, 11-ஐ விடுங்கள். அப்படியானால் மாற்றி 10 நாள் ஆகும் முன், செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதிக்குப் போய் விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடுங்கள். அந்த நாள் கடந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது.