ஆறாத தாடைப் புண்: செத்த எலும்பா, புற்றா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்று எலும்புக்குப் பரவியதால் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுகிறார்கள். பல் பிடுங்கிய இடம் ஆறவே இல்லை, உள்ளே எலும்பு தெரிகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் எலும்பு செத்திருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம் என்கிறார். இதைக்கூடவா சொல்ல முடியாது?

பதில்: டாக்டரைக் கோபிக்காதீர்கள், நிஜமாகவே குழப்பம்தான். அந்த ஊசி எலும்பு கரைவதைத் தடுக்கிறது, சரி, ஆனால் கூடவே தாடை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மந்தமாகி, பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம் (2003-லேயே மருத்துவ இதழ்களில் வந்த விஷயம்). தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்காதவருக்கு 8 வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் முதல் சந்தேகம் இதுதான். ஆனால் வலி, வீக்கம், பல் ஆட்டம், கீழுதடு மரத்துப்போவது எல்லாம் இரண்டிலும் வரும். சிடி-யில் இரண்டுமே அரித்த மாதிரி தெரியும், பெட் ஸ்கேனிலோ (சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) வெறும் கிருமித் தொற்றுகூடப் புற்று போலவே ஒளிரும். உறுதியாகச் சொல்வது பயாப்சிதான், அதாவது ஒரு துண்டை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அப்புறம் ஏன் தயங்குகிறார்கள்? செத்த எலும்பைச் சீண்டினால் புண் பெரிதாகலாம். அதற்காக, சதை வளர்ந்தாலோ உதடு புதிதாக மரத்தாலோ தள்ளிப்போடக் கூடாது. எடுப்பதென்றால் மேலே தெரியும் எலும்பை மட்டும் சுரண்டாமல் ஓரத்துச் சதையையும் சேர்த்து அனுப்புவார்களா என்று கேளுங்கள்.