நிலை இருக்கட்டும், கதவைப் பாருங்கள்

கேள்வி: செட்டிநாட்டில் தாத்தா காலத்து வீடு. தலைவாசல் நிலை அடியில் உளுத்துவிட்டது. நிலை, கதவு இரண்டையுமே மாற்றச் சொல்கிறார் தச்சர். கட்டுப்படியாகுமா?

நிலையைப் பெயர்க்க அவசரப்படாதீர்கள். ஸ்குரூ டிரைவரால் நிலைக்காலை அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போங்கள். எங்கே முனை இறங்காமல் நிற்கிறதோ அங்கிருந்து மரம் நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் ஓரடிக்குள் நின்றுவிடும். வாசல் தெளிக்கும் தண்ணீர் ஊறுகிற உயரம் அவ்வளவுதான். கெட்ட துண்டைச் சாய்வாக அறுத்தெடுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடலாம். சாய்வு வெளிப்பக்கம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் ஒட்டுக்குள் இறங்கும். நிலையைப் பெயர்த்தால் மேலே சுண்ணாம்புக் காரை உதிரும். முட்டு, பூச்சு, வெள்ளையடிப்பு என்று கதவை விட அதற்கே அதிகம் போய்விடும். சந்துகளைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். ஈரத்தை மரத்தோடு பிடித்து வைக்கும். சுண்ணாம்புக் கலவையே போதும்.

கேள்வி: பழைய கதவு வாங்கிப் பொருத்தலாமா?

தாராளமாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேடலாம். போகுமுன் நிலையின் உள்வாயை அளந்துகொள்ளுங்கள்: மேல், நடு, கீழ் என மூன்று அகலம், இரு பக்க உயரம், இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டங்கள் ஒத்துவராவிட்டால் நிலை கோணியிருக்கிறது. சற்றே பெரிய கதவாக வாங்கிச் சீவிப் பொருத்துங்கள். ஆனால் ஓரச்சட்டத்தை அதிகம் சீவினால் மூட்டு தளர்ந்துவிடும்.

கேள்வி: குடுமிக் கதவு தரையில் உரசுகிறது. கீல் போட்டுவிடலாமா?

வேண்டாம். குடுமிக் கதவு கீலில் தொங்குவதில்லை; மேலும் கீழும் நீட்டிய குடுமி என்ற முளைகள் குழியில் சுழல்கின்றன. 7 அடி உயரம், ஒன்றேமுக்கால் அடி அகலம், 2 அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகைக் கதவு ஒன்றே 35 கிலோவைத் தாண்டும். கீல் போட்டால் அவ்வளவு கனத்தையும் அதன் திருகுகளே சுமக்க வேண்டியிருக்கும். தேய்ந்திருப்பது கீழ்க்குடுமிதான். கதவைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, குழியில் 2 மி.மீ. பித்தளை வாஷர் ஒன்று போடுங்கள். கதவின் அடியைச் சீவிவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. பிறகு குடுமியைச் சரிசெய்ததும் பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும்.

கேள்வி: பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடா?

தேக்கு கறுத்துவிடும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவும் கூடாது. பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயும் டர்பெண்டைனும் சரிபாதி கலந்து முதல் கோட். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.